அவர்கள் சொன்னது பாதி வசனம்

வாசகி கடிதம்:

ஐயா, எனக்கு வயது 44. திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். பிறந்தது சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) குடும்பம், வாக்கப்பட்டது ஆர்.சி. (கத்தோலிக்க) வீட்டில். என் வீட்டுக்காரர் ராத்திரி மூன்று மணிக்கு எக்ஸ்.எல். வண்டியை எடுத்துக்கொண்டு மாட்டுத்தாவணி போய், காய் எடுத்துவந்து ஊர் ஊராக விற்பார். போன மார்ச் மாதம் மார்க்கெட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். 108 வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பக்கத்து வீட்டு ஆச்சி என்னைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி எடுத்தார். என் அம்மா வீட்டுச் சபையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "இது விசுவாசி வீடு, புலம்பக் கூடாது" என்று நிறுத்திவிட்டார். பிறகு கீர்த்தனைதான். பதினாறாம் நாள் வைத்த ஃப்ளெக்ஸிலும் "துக்கியாதிருங்கள்" என்றுதான் போட்டார்கள். ஏழு மாதமாக அடுப்படியில் தனியாக அழுகிறேன். அழுதால் விசுவாசம் இல்லை என்று ஆகிவிடுமா? காலேஜ் படிக்கும் மகள், "அப்பா நம்மள விட்டுட்டு அங்க எப்பிடிம்மா சந்தோசமா இருப்பாரு?" என்று கேட்டுவிட்டு, கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். பரலோகத்தில் புருஷன் பெண்சாதி கிடையாது என்கிறார்கள். அப்படியானால் நான் போய்ப் பார்த்தாலும் அவர் எனக்கு யாரோதானா? மூன்று மணிக்கு வண்டியை உதைக்கிற சத்தம் கேட்டு முழிப்பு வருகிறது. அசுத்த ஆவி என்று ஜெபக்குழுவில் பயமுறுத்துகிறார்கள். நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாள், கல்லறைக்கு வா என்று மாமியார் கூப்பிடுகிறார், பூசையும் சொல்லியிருக்கிறார். எங்கள் சபையில் போகாதே என்கிறார்கள்.

அன்றைக்குக் கிளம்பும்போது நெஞ்சு கரிக்குது என்றார். வாயுவாக இருக்கும் என்று சுக்குத் தண்ணி போட்டுக் கொடுத்து நான்தான் அனுப்பி வைத்தேன். சில நாள் அவர் போன இடத்துக்கே போய்விடலாம் போல இருக்கிறது.

ஆலோசனை:

அம்மா, உங்கள் கடைசி மூன்று வரிகளில் கேள்வி எதுவும் இல்லை. நான் அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன்.

"அவர் போன இடத்துக்கே போய்விடலாம் போல இருக்கிறது." துணையை இழந்தவர்கள் பலர் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அது ஏக்கம். சிலருக்கு மட்டும் அது திட்டமாக மாறும்: எப்படி, எப்போது என்று மனது கணக்குப் போட ஆரம்பிக்கும். உங்கள் மனது அந்தப் பக்கம் போயிருக்கிறதா? ஒளிவுமறைவு இல்லாமல் உங்களையே கேட்டுப்பாருங்கள். ஒரே ஒரு நாள் போயிருந்தாலும், இந்தப் பதிலைப் பாதியில் வைத்துவிட்டு 14416க்குப் போன் போடுங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. காசு கிடையாது, ராத்திரி மூன்று மணிக்கும் ஆள் இருப்பார்கள், தமிழிலேயே பேசலாம். மதுரை பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, மகளையோ மாமியாரையோ கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். ஜெபிக்கிறவர்கள் அங்கே போகக்கூடாது என்று எவராவது சொன்னால், நெஞ்சுவலிக்கு டாக்டரிடம் போகக்கூடாது என்று சொல்வாரா என்று திருப்பிக் கேளுங்கள். பரலோகம் நல்ல இடம் என்று நாம் சதா பாடுகிறோம். அந்தப் பாட்டு துக்கத்தில் இருப்பவர் காதில் வேறு மாதிரி விழக்கூடும். ஆயர்களாகிய நாங்களே இதைக் கவனிப்பதில்லை.

அடுத்து, சுக்குத் தண்ணி. நெஞ்செரிச்சலா மாரடைப்பா என்பதை ஈசிஜி பார்க்காமல் டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சில நேரம் முதல் ஈசிஜியிலும் தெரியாது. மேல்வயிற்று எரிச்சலாகவே வந்து ஆளைச் சாய்க்கும் மாரடைப்பு உண்டு. ராத்திரி இரண்டரை மணிக்கு, அரைத்தூக்கத்தில், அடுப்படி விளக்கைப் போட்டு சுக்கைத் தட்டிப் போட்டுக் கொடுத்தீர்கள். அந்த நேரத்தில் உங்களுக்குத் தெரிந்த மருந்து அது. இன்றைக்குத் தெரிந்ததை வைத்து அன்றைக்கு இருந்த உங்களைக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

யோவான் 11ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். லாசரு செத்து நான்கு நாள். மார்த்தாள் ஊருக்கு வெளியே வந்து இயேசுவிடம், "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து மரியாளும் வருகிறாள். அவளும் அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறாள். இரண்டு பேர் வாயிலும் ஒரே பேச்சு எப்படி வந்தது? அந்த நான்கு நாளும் அக்காவும் தங்கையும் வீட்டுக்குள் ஒருத்தியிடம் ஒருத்தி அதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இழவு விழுந்த எல்லா வீட்டிலும் ஓடும் பேச்சு இது: அப்படிச் செய்திருந்தால், இப்படி விட்டிருந்தால். இயேசு இருவரில் ஒருத்தியையும் கடிந்துகொள்ளவில்லை. உயிர்த்தெழுதலைப் பற்றி மார்த்தாளிடம் பேசினார், மரியாளிடம் அதுகூட இல்லை. எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார். அடுத்த வரி, "இயேசு கண்ணீர் விட்டார்." இன்னும் சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறவர் அவர். எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அழுதார். உங்கள் முதல் கேள்விக்கு இதற்கு மேல் நான் என்ன சொல்ல இருக்கிறது?

ஆனாலும் அந்த ஃப்ளெக்ஸை விட எனக்கு மனதில்லை. 1 தெசலோனிக்கேயர் 4:13இல் பவுல் எழுதியது முழு வாக்கியம். செத்தவர்களைக் குறித்து நீங்கள், "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" துக்கிக்கக் கூடாது என்கிறார். நடுவில் இருப்பதை வெட்டிவிட்டு "துக்கியாதிருங்கள்" என்று மட்டும் அச்சடித்தால் அது பவுல் சொன்னதாகாது. நம்பிக்கையோடு துக்கப்படுங்கள் என்று சொன்னவரை, துக்கப்படாதே என்று சொல்ல வைத்துவிட்டார்கள். ஃப்ளெக்ஸில் இடம் பற்றவில்லை போலிருக்கிறது.

ஒப்பாரியை நிறுத்திய பெரியவரைக் குறித்தும் ஒரு வார்த்தை. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நம்பிக்கையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டார். ஆனால் ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது தேவபக்தியுள்ள மனுஷர் அவனை அடக்கம்பண்ணி மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்று அப்போஸ்தலர் 8:2 சொல்கிறது. வானம் திறந்திருக்கிறதைப் பார்த்துக்கொண்டே செத்தவன் ஸ்தேவான். அவனுக்கே அழுதிருக்கிறார்கள். எரேமியா 9ஆம் அதிகாரத்தில் புலம்பற்காரிகளை வரவழையுங்கள் என்று கர்த்தரே சொல்கிறார். அந்தக் காலத்து யூதேயாவிலும் ஒப்பாரி சொல்லத் தெரிந்த ஆச்சிகள் இருந்திருக்கிறார்கள். கேதம் கேட்க வந்த உங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி வேறு சாமி கும்பிடுகிறவராக இருக்கலாம். அவர் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு செய்தது வேதத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது.

இதைப் பெரிய நியாயம் போல எழுதுகிறேனே தவிர, அந்தப் பெரியவர் செய்ததை நானும் செய்திருக்கிறேன். ஆயர் பட்டம் பெற்ற புதிதில் ஓர் ஆஸ்பத்திரியில் ஊழியம். குழந்தைகள் வார்டில் உசிலம்பட்டிப் பக்கத்துத் தாய் ஒருத்தி, காய்ச்சலில் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் குனிந்து, "அழாதீங்கம்மா, பிள்ளை இப்ப இயேசப்பா மடியில இருக்கு" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "எம் மடியில என்னய்யா கொறையக் கண்டாரு?" பதில் சொல்லத் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். வேனில் ஏற்றும்வரை அங்கேயேதான் இருந்தேன். அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரிகளில் இருந்தேன். அந்த வாக்கியத்தை மறுபடி சொன்னதில்லை.

பெரியவர்களும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். 387ஆம் வருஷம் ரோமுக்குப் பக்கத்தில் ஓஸ்தியா துறைமுகத்தில் மோனிக்கா இறந்துபோகிறார். மகன் அகுஸ்தீனுக்கு அப்போது 33 வயதுகூட நிறையவில்லை. விசுவாசமுள்ள தாய்க்கு அழுவது முறையல்ல என்று கண்ணீரை அடக்கிக்கொள்கிறார். வாய்விட்டு அலறிய அவருடைய மகன் அதேயோதாத்துவையும் சுற்றியிருந்தவர்கள் அமர்த்திவிடுகிறார்கள். அடக்கம் முடிகிறது. குளித்தால் மனப்பாரம் இறங்கும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தார், குளித்துப் பார்க்கிறார், இறங்கவில்லை. தூங்கி எழுந்து படுக்கையில் தனியாக இருக்கும்போதுதான் உடைகிறார். அழுததை மறைக்காமல் பிற்பாடு அவரே எழுதியும் வைத்தார். கிறிஸ்தவ உலகத்தின் பெரிய போதகர் ஒருவருக்கே ஒரு நாள் முழுதும் பிடித்தது. உங்களுக்கு ஏழு மாதம் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

மோனிக்கா சாகுமுன் ஒன்று சொன்னார். என் உடம்பை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், அதைப்பற்றிக் கவலை வேண்டாம், நீங்கள் எங்கிருந்தாலும் ஆண்டவருடைய பீடத்தருகில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். உங்கள் மாமியார் சொல்லியிருக்கிற பூசைக்கு வருவோம்.

நான் சி.எஸ்.ஐ. ஆயர். இறந்தவர் ஆத்துமா பரலோகம் போகுமுன் சுத்திகரிக்கப்படும் உத்தரிக்கிற ஸ்தலம் உண்டென்று எங்கள் சபை போதிப்பதில்லை. கத்தோலிக்கர் மக்கபேயர் இரண்டாம் புத்தகத்தின் 12ஆம் அதிகாரத்தைக் காட்டி, இறந்தோருக்காக மன்றாடுவது நல்லது என்பார்கள். அந்தப் புத்தகம் நம் வீட்டு பைபிளில் இல்லை. இந்த வேறுபாடு உண்மையானது, நானூறு ஐந்நூறு வருஷ வழக்கு. உங்கள் அடுப்படியில் அதைத் தீர்த்துவைக்க முடியாது, தீர்க்க வேண்டியதும் இல்லை. உங்கள் மாமியார் பெற்ற பிள்ளையைப் புதைத்தவர். கீழவெளி வீதியில் மதுரைப் பேராலயமே வியாகுல அன்னை பெயரில்தான் இருக்கிறது. மகனைப் பறிகொடுத்த தாய்க்குக் கோயில் கட்டிக் கும்பிடுகிற ஜனங்கள் அவர்கள், துக்கத்துக்கு அங்கே ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் உங்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள மாமியார் நினைக்கிறார். போய் உட்காருங்கள். பூசையில் உங்களால் சொல்ல முடிந்த ஜெபத்தைச் சொல்லுங்கள். சொல்ல முடியாத இடத்தில், அவரை இருபது வருஷம் தந்ததற்காக ஸ்தோத்திரம் சொல்லுங்கள். எந்தச் சபையும் அதைக் குற்றம் சொல்ல முடியாது.

கல்லறைக்குப் போவதைப் பற்றிக் கேட்டீர்கள். நம் பக்கத்தில் மற்றவர்கள் வழக்கப்படி பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை, தெருமுனையோடு திரும்பிவிடுவார்கள். நம் கதையோ, விடிந்தும் விடியாமலும் சுகந்தவர்க்கம் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போன பெண்களிடமிருந்துதான் தொடங்குகிறது. ஆண்கள் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார்கள். மகதலேனா மரியாள் அங்கே போனதும் விசுவாசம் பொங்கிப் பாடவில்லை. நின்று அழுதாள். எதிரே நிற்பவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தாள். "மரியாளே" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் அடையாளம் தெரிந்தது.

இந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை வைத்துத்தான் உங்கள் "யாரோதானா" என்ற கேள்விக்குப் போகிறேன். மத்தேயு 22:30ஐத்தான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் அது எப்படி இருக்கிறது என்று பாருங்கள்: "உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை." கொள்வினை கொடுப்பினை என்றால் என்ன என்று திருமங்கலத்துக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? எந்த வகையறாவில் பெண் எடுப்பது, எங்கே கொடுப்பது, சீர் என்ன, யார் முறை. இயேசுவிடம் கேள்வி கேட்ட சதுசேயரும் அதைத்தான் கேட்டார்கள். உயிர்த்தெழுதலையே நம்பாத கூட்டம் அது. அண்ணன் செத்தால் தம்பி, தம்பி செத்தால் அடுத்தவன் என்று ஏழு பேரும் ஒருத்தியைக் கட்டினார்களே, அங்கே அவள் யாருடைய சொத்து என்று பத்திரம் பார்ப்பதுபோலக் கேட்டார்கள். அந்தப் பத்திரம் அங்கே செல்லாது என்றார் இயேசு. ஒருவரை ஒருவர் தெரியாமல் போவீர்கள் என்று அவர் சொல்லவில்லை. "அன்பு ஒருக்காலும் ஒழியாது" என்று பவுல் எழுதியதும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. அங்கே அவர் உங்களை எப்படிக் கூப்பிடுவார், பக்கத்தில் உட்காருவீர்களா என்றெல்லாம் வேதம் வரைந்து காட்டவில்லை, நானும் காட்டமாட்டேன். உயிர்த்தெழுந்தவர் மரியாளின் பெயரை மறக்கவில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறேன்.

உங்கள் மகளின் கேள்விதான் இந்தக் கடிதத்திலேயே ஆழமானது. அவள் கோயிலுக்கு வராததற்காகத் தயவுசெய்து திட்டாதீர்கள். அப்பாவைப் பற்றிப் பொய்யான படம் ஒன்றை யாரோ அவளுக்குக் காட்டியிருக்கிறார்கள், அதை அவள் ஏற்க மறுக்கிறாள். நம்மை மறந்து, வேலை முடிந்ததென்று ஜாலியாக இருக்கும் அப்பாவின் படம். வேதத்தில் அந்தப் படம் இல்லை. வெளிப்படுத்தல் 6ஆம் அதிகாரத்தில் பீடத்தின் கீழிருக்கும் இரத்தசாட்சிகளின் ஆத்துமாக்கள், எதுவரைக்கும் ஆண்டவரே என்று கேட்டுக்கொண்டிருக்கின்றன. அங்கேயும் காத்திருப்பு இருக்கிறது. எபிரெயர் 11:40இல் பழைய பரிசுத்தவான்களைப் பற்றி எழுதுகிறவர், "அவர்கள் நம்மையல்லாமல் பூரணராகாதபடிக்கு" என்கிறார். இதை மகளுக்குப் படித்துக் காட்டுங்கள். அப்பா பத்திரமாக இருக்கிறார், ஆனால் பந்தி இன்னும் தொடங்கவில்லை, இலை போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நானாக இருந்தால் சொல்வேன். அவள் ஒத்துக்கொள்ளாமல் மறுபடி கேள்வி கேட்டால் இன்னும் நல்லது.

நீங்கள் நித்தியஜீவன் என்கிறீர்கள், மாமியார் வீட்டுக் கோயிலில் 1995க்குப் பிறகு வந்த திருவிவிலியத்தில் நிலைவாழ்வு என்று வாசிப்பார்கள். இரண்டு சொல்லும் முடிவில்லாத காலத்தைத்தான் நம் மனதில் கொண்டுவருகின்றன. யோவான் 17:3இல் இயேசு காலத்தைப் பற்றிப் பேசவே இல்லை. பிதாவையும் தம்மையும் அறிவதே நித்தியஜீவன் என்கிறார். அறிவது இங்கேயே தொடங்கிவிடுகிற காரியம். மூன்று மணிக்கு வண்டியில் ஏறுமுன் உங்கள் வீட்டுக்காரர் சிலுவை போட்டுக்கொண்டாரா? அப்படியானால் அவருக்கு அது மார்ச் மாதத்தில் தொடங்கியதல்ல.

அந்த மூன்று மணிச் சத்தம். அது அசுத்த ஆவியும் இல்லை, அவருடைய ஆவியும் இல்லை. வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ், துணையை இழந்த 293 பேரிடம் விசாரித்து 1971இல் ஆய்வு வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப் பேர், இறந்தவர் பக்கத்தில் இருப்பதுபோல உணர்ந்ததாகவோ குரல் கேட்டதாகவோ சொன்னார்கள். பெரும்பாலானோர் அதை அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இருபது வருஷமாக அந்த நேரத்துக்கு விழித்துப் பழகிய காது அது. அவர் போனது உங்கள் காதுக்கு இன்னும் தெரியாது. விழிப்பு வந்தால் பயந்து போர்வையை இழுக்காமல் எழுந்து உட்காருங்கள், அழுகை வந்தால் அழுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கம் என்று 2022 முதல் ஒரு வகை நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் போவது மட்டும் அதற்கு அடையாளமாகாது, அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மதத்தையும் பார்க்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. நீங்கள் சமைக்கிறீர்கள், பிள்ளைகளைப் பார்க்கிறீர்கள், இவ்வளவு தெளிவாகக் கடிதம் எழுதுகிறீர்கள். ஏழு மாதத்தில் அழுவதை நான் நோய் என்று சொல்லமாட்டேன். சாப்பாடு இறங்காமல், தூக்கமே இல்லாமல், வாரக்கணக்கில் போனால் டாக்டரைப் பாருங்கள். மேலே சொன்ன எண்ணம் வந்தால் அன்றைக்கே.

நவம்பர் 2க்கு முன்னால் பக்கத்து வீட்டு ஆச்சியை ஒரு சாயங்காலம் காப்பிக்குக் கூப்பிடுங்கள். அன்றைக்குப் பாதியில் நின்றது அவருக்கும் நெஞ்சில் நிற்கும். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் மிச்சத்தை அழுது முடியுங்கள்.

கல்லறைக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாங்க வேண்டியிருக்குமே. அதை எக்ஸ்.எல்.லில் வைத்து மகள் ஓட்டிக்கொண்டு போகட்டும், லைசென்ஸ் இருந்தால். ஏழு மாதம் நின்ற வண்டி ஒரு உதையில் கிளம்பாது. மெக்கானிக்கிடம் சொல்லி டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டரையும் கழற்றிச் சுத்தம் பண்ணச் சொல்லுங்கள்.